முப்பது பேரின் சராசரி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நாட்டின் வரலாற்றிலேயே முதன்முறையாக, எழுதப் படிக்கத் திணறும் குழந்தைகளை அவர்களுடைய தாய்மொழியிலேயே சோதித்து, கற்றல் குறைபாடு உண்டா இல்லையா என்பதை அறிவியல்பூர்வமாகக் கண்டறியும் சோதனைப் பெட்டி ஒன்று, வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மாண்புமிகு இயக்குநர் அவர்களின் பொற்கரங்களால் திறந்துவைக்கப்படும். அனைவரும் வருக. குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்.

கடைசி வரிக்கு வந்ததும் டைப்பிஸ்ட் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், கொழந்தைங்களுக்கான பெட்டிதானே? கொழந்தைங்க ஏன் வரக் கூடாது?"

"சத்தம் போடுவாங்கம்மா," என்றார் நாளைக்கு சார். "பெரிய மனுஷங்க பேசற எடம்."

நாளைக்கு சார் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடமாக ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அவராகச் சம்பாதித்துக்கொண்டது. டைப்பிஸ்ட்டின் கடை அந்த அலுவலகத்துக்கு நேர் எதிரே, ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சட்டென்று எழுந்தால் தலையில் படி இடிக்கும். பதினோரு வருடத்தில் அவள் சட்டென்று எழாமல் இருக்கப் பழகிவிட்டாள்.

அந்த ஊரில் மூன்று மொழிகள் புழங்கின. வீட்டில் சண்டை போட ஒன்று, பள்ளியில் அடி வாங்க ஒன்று, அரசாங்கத்திடம் கெஞ்ச ஒன்று. மூன்றிலும் ஒற்றுப்பிழை இல்லாமல் டைப் செய்யக்கூடிய ஆள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். மனுவில் எந்த இடத்தில் "பணிவுடன்" போட வேண்டும், எந்த இடத்தில் "மிகுந்த மன உளைச்சலுடன்" போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது.

அப்படிப்பட்டவளுக்கு எழுத்தே ஏறாத ஒரு மகள்.

மகளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். ஒருதரம் காதில் விழுந்ததைத் திருப்பி அப்படியே ஒலிபரப்பிவிடுவாள், பேசியவரின் இருமல் உட்பட. அறிவியல் பாடத்தை அம்மா வாசிப்பாள், மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பாள். ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் படத்தின் கீழே இருந்த சின்ன எழுத்துவரை ஒப்பிப்பாள். அதே பக்கத்தைக் கையில் கொடுத்தால் போயிற்று. விரலை வைத்துக்கொண்டு முதல் சொல்லில் நின்றுவிடுவாள்.

"எல்லா எழுத்தும் ஒரே மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கும்மா. நான் எத எதுன்னு கண்டுபிடிக்கிறது?"

எட்டு வருடம் எட்டு வகுப்பாசிரியர்கள் மதிப்பெண் அட்டையில் எழுதித் தள்ளிய குறிப்பு ஒன்றே ஒன்றுதான்: கவனம் போதாது. பஸ் கண்டக்டரான அவளுடைய அப்பா வேறொரு காரணம் வைத்திருந்தார். "எல்லாம் நீ குடுக்கற செல்லம்" என்பார். பிறகு விசில் ஊதிப் பஸ்ஸைக் கிளப்பிவிட்டது போல அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். அவருடைய அக்கா அட்டைப்பெட்டி கம்பெனியில் சூப்பர்வைசர். "பத்தாவது பெயிலான மறுநாளே கூட்டிட்டு வா. எடம் போட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பது போல.

ஒன்பதாம் வகுப்பில் வந்த கணக்கு டீச்சர்தான் முதன்முதலாகக் கேள்வியை வாயால் கேட்டவர். ரேடியோ தாள் இல்லாமல், பென்சில் இல்லாமல், மூன்று வரிக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். டீச்சர் அன்றைக்கே டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பயப்படாதீங்கம்மா. வியாதி இல்ல. ஒரு சர்ட்டிஃபிகேட் இருக்கு, கற்றல் குறைபாடுன்னு. அத வாங்கிட்டா பரிச்சைல ஒருத்தர் உக்காந்து கேள்விய வாசிப்பாங்க, இவ சொல்ற பதில எழுதுவாங்க. அப்படி மட்டும் நடந்தா இவ பாஸ். வாங்கலன்னா மூணு மணி நேரம் ஃபேனப் பாத்துட்டு உக்காந்திருப்பா."

"எங்க வாங்கறது மேடம்?"

டீச்சர் சொன்ன விலாசத்தைக் கேட்டு டைப்பிஸ்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கடைக்கு எதிர்க் கட்டடம்.

*

தெருவைக் கடக்க நாற்பது அடி. அவளுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

முதல் சோதனை பள்ளி மொழியில் நடந்தது, ஏனென்றால் பெட்டி அந்த மொழியில்தான் இருந்தது. பெட்டி என்றால் நிஜமாகவே பெட்டிதான். நீலத் தகரப் பெட்டி, உள்ளே வாசிக்க ஒரு பத்தி, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு அட்டவணை. ரேடியோ ஒரு நிமிடத்தில் நான்கு சொற்கள் படித்தாள். அவள் வயதுப் பிள்ளைகளின் சராசரி தொண்ணூறு. சராசரியில் பாதிக்குக் கீழே போனால் குறைபாடு என்பது விதி. டைப்பிஸ்ட்டின் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு தாய் தன் பெண் தோற்றதற்காக இத்தனை சந்தோஷப்பட்டு அந்தக் கட்டடம் பார்த்ததில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: சோதனை குழந்தையின் தாய்மொழியில் நடத்தப்படவில்லை, குழந்தைக்குப் படிக்க வரவில்லையா, அந்த மொழியே வரவில்லையா என்று சொல்ல இயலாது.

"அப்ப எங்க பாஷைலயே டெஸ்ட் பண்ணுங்க சார்."

"உங்க பாஷைல பெட்டி கெடையாதேம்மா," என்றார் நாளைக்கு சார்.

"எப்ப வரும்?"

அவர் என்ன சொன்னார் என்பதை எழுதத் தேவையில்லை.

டைப்பிஸ்ட் கடைக்குத் திரும்பி வந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு அடித்தாள். அவளுடைய வாழ்நாள் சாதனை அது. "பணிவுடன்" என்று தொடங்கி "மிகுந்த மன உளைச்சலுடன்" வழியாகச் சென்று "அரசியல் சாசனம்" என்ற சொல்லில் போய் முட்டியது. அதே காரணத்துக்காக நிராகரிக்கப்பட்ட மற்ற பெற்றோர்களும் மாடியிலிருந்து இறங்கி, நேரே எதிரே தெரிந்த அவள் கடைக்குத்தான் வந்தார்கள். அவளும் பெயரையும் எண்ணையும் மாற்றி மாற்றி அதே மனுவை அடித்துக் கொடுத்தாள். எல்லாருடைய போன் நம்பரும் அவளுடைய நீல டைரியில் ஏறியது. ஒரு வருடத்தில் முப்பது மனு. எல்லாமே ஒரே எழுத்து, ஒரே கண்ணீர்.

முப்பது மனு ஒரே மாதிரி வந்ததைப் பார்த்து மேலிடம் இதை மக்கள் எழுச்சி என்று எடுத்துக்கொண்டது. பெட்டிக்கு உத்தரவு வந்தது. ஒரு பேராசிரியர் பத்தியை மொழிபெயர்த்தார். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள், ரிப்பன் வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் யாரோ ஒருவருக்கு ஞாபகம் வந்தது, பெட்டியில் அட்டவணை இல்லை என்று.

நாளைக்கு சார் அன்று தெருவைக் கடந்து ஓடி வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"டைப்பிஸ்ட்டம்மா, நீதான் காப்பாத்தணும். உங்க பாஷ பேசற புள்ளைங்க முப்பது பேர் வேணும். பதினாலு, பதினஞ்சு வயசு. ஒவ்வொருத்தரும் நிமிஷத்துக்கு எத்தன வார்த்த படிக்கறாங்கன்னு எடுத்து, கூட்டி, முப்பதால வகுக்கணும். அதான் சராசரி. அது இல்லன்னா பெட்டியே இல்ல."

"ஸ்கூல்ல கேளுங்க சார்."

"ஸ்கூலெல்லாம் லீவு. தொறக்கறதுக்குள்ள விழா வந்துடும். விழா தள்ளிப் போனா இயக்குநர் வெளிநாடு போயிடுவாரு. அப்பறம் அடுத்த வருஷந்தான்."

அடுத்த வருஷம் என்ற சொல் அவளைச் சுட்டது. ரேடியோவின் பொதுத்தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இந்த மாதம் முப்பது. சான்றிதழ் நகல் இல்லாமல் போனால் ஃபேன்தான், அத்தைதான், அட்டைப்பெட்டிதான்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்," என்று சொல்லி நீல டைரியை எடுத்தாள்.

அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்பத்தைந்து நிமிடத்தில் மற்ற இருபத்தொன்பது பெற்றோரிடமும் பேசி, முப்பதாவதாகத் தன் மகளையும் சேர்த்து முடித்தாள்.

*

முப்பது பிள்ளைகளும் மறுநாள் காலை எட்டரைக்கே அலுவலக நடைக்கூடத்தில் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். தலை வாரி, முகம் கழுவி, சட்டைப் பையில் பேனா வைத்து. பேனாவுக்கு வேலை இல்லை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அலுவலகம் ஆளுக்கொரு பன்னும் ஒரு பென்சில் பெட்டியும் கொடுத்தது.

ஒரு தகப்பன், லாரி மெக்கானிக், டைப்பிஸ்ட்டின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, இன்னிக்கே சர்ட்டிஃபிகேட் குடுத்துடுவாங்களா?"

"இல்லண்ணா. இது நம்ம பசங்களுக்கு டெஸ்ட் இல்ல. பெட்டிக்கு டெஸ்ட். பெட்டி பாஸானாத்தான் நம்ம பசங்களுக்கு டெஸ்ட்."

"எதுவோ ஒண்ணு பாஸானா சரி," என்றார் மெக்கானிக்.

உள்ளே ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருந்த பெண், அந்த ஒரு நாளைக்காகக் கூலிக்கு வந்தவள். பதினேழாவது பிள்ளை வெளியே போனதும் கதவிடுக்கில் அவள் குரல் கேட்டது.

"சார், ரொம்பக் கம்மியா வருதே. பதினஞ்சு வயசுப் பையன் ஏழு வார்த்ததான் படிக்கறான்."

"அந்த பாஷையோட எழுத்து கஷ்டம்மா," என்றது நாளைக்கு சாரின் குரல். "வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். அப்படியே போட்டுக்க. இன்னும் பதிமூணு பேர் இருக்காங்க, மதியத்துக்குள்ள முடிக்கணும்."

டைப்பிஸ்ட் அதைக் கேட்டாள். கேட்டு, அந்தப் பெண்ணின் மேல் லேசாகக் கோபப்பட்டாள். கம்மியாகப் படிக்கிறார்கள் என்பதால்தானே இத்தனை பேர் இங்கே நடையாய் நடக்கிறோம், இது தெரியாமல் ஒரு படிப்பா என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்க நேரம் இல்லை. முப்பதாவது ஆளாக ரேடியோவை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

"சும்மா படி. பயப்படாத. இது கணக்குல வராது," என்றாள் மகளிடம்.

*

வியாழக்கிழமை விழா அமோகமாக நடந்தது. இயக்குநர் ரிப்பன் வெட்டினார். கத்தரிக்கோல் மழுங்கியிருந்ததால் மூன்று முறை வெட்டினார், மூன்று முறையும் கைதட்டினார்கள். தாய்மொழி தாய்ப்பாலைப் போன்றது என்று பள்ளி மொழியில் தொடங்கி ஆட்சிமொழியில் முடித்தார். அந்தத் தாய்மொழியில் மேடையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மேடையில் இருந்த யாருக்கும் அது தெரியாது.

திங்கட்கிழமை முதல் டோக்கன் டைப்பிஸ்ட்டுக்கு. பழகிய முகம் என்பதால் நாளைக்கு சார் "இன்னிக்கே" என்று சொன்னார். சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்துப் போனார்.

ரேடியோ பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். ஸ்டாப்வாட்ச் ஓடியது. விரல் முதல் சொல்லில் நின்றது, நகர்ந்தது, நின்றது. ஒன்பது சொற்கள். பள்ளி மொழியில் நான்கு படித்தவள் சொந்த மொழியில் ஒன்பது படித்துவிட்டாள். ஆனாலும் ஒன்பது ஒன்பதுதான். பதினைந்து வயதுப் பெண் நிமிடத்துக்கு ஒன்பது சொல் படித்தால் எந்த ஊரில் சும்மா விடுவார்கள் என்று டைப்பிஸ்ட் தைரியமாகவே இருந்தாள். விண்ணப்பம், போட்டோ, நகல் எல்லாவற்றையும் மடியில் அடுக்கி வைத்திருந்தாள்.

அரை மணி நேரத்தில் மருத்துவக் குழுவின் தலைவர் தாயையும் மகளையும் உள்ளே கூப்பிட்டார். வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை, மேசைமேல் தன் பெயர்ப்பலகையைத் தன் பக்கமாகவே திருப்பி வைத்திருந்தார். அவர் ஆட்சிமொழியில்தான் பேசுவார். அந்த மொழியில் எதைச் சொன்னாலும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும்.

"முதற்கண் உங்களுக்கு என் வாழ்த்துகள்," என்றார். "உங்கள் மகளுக்கு எந்தக் குறைபாடும் இல்லை. சராசரி எட்டு. உங்கள் மகள் ஒன்பது. அதாவது சராசரிக்கும் மேல்."

டைப்பிஸ்ட்டுக்கு முதலில் காதில் விழவில்லை. பிறகு விழுந்தது.

"சார், ஒம்போது வார்த்த சார். பத்தாங்கிளாஸ். போன தடவ பள்ளிக்கூட மொழில தொண்ணூறுன்னு சொன்னீங்களே?"

"அது அந்த மொழிக் குழந்தைகளின் சராசரி. உங்கள் மொழிக் குழந்தைகள் பொதுவாகவே எட்டுச் சொற்கள்தாம் படிக்கிறார்கள். இது நான் சொல்வதல்ல, தரவு சொல்கிறது." தலைவர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "ஒரு சமூகத்தின் பின்தங்கிய நிலையை நாம் ஊனம் என்று முத்திரை குத்திவிடக் கூடாதல்லவா?"

"எந்தக் கொழந்தைங்க சார் எட்டு வார்த்த படிச்சாங்க?"

தலைவர் பெருந்தன்மையாகப் பெட்டியின் மூடியைத் திறந்து, பின்னிணைப்பை அவள் பக்கம் தள்ளினார். முப்பது பெயர். அவள் டைரியில் இருந்த அதே வரிசை. வரிசை எண் நான்கு, லாரி மெக்கானிக்கின் மகன். வரிசை எண் பதினேழு, அந்த ஏழு சொல் பையன். வரிசை எண் முப்பது, அவளுடைய மகள். தலைப்பில் "சாதாரணக் குழந்தைகள்: எந்த முன்தேர்வுமின்றிச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்" என்று போட்டிருந்தது. பேனா நாளைக்கு சாருடையது. நாற்பத்தைந்து நிமிட உழைப்பு அவளுடையது.

கண்ணாடியைக் கொண்டுவந்து எதிரில் வைத்துவிட்டு, பார், உன்னைப் போலவே ஊரெல்லாம் இருக்கிறார்கள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவள் அவள்.

"சார்," என்றாள். "இவங்கல்லாம் சாதாரணக் கொழந்தைங்க இல்ல சார். முப்பது பேரும் கற்றல் குறைபாடு சர்ட்டிஃபிகேட்டுக்கு அப்ளை பண்ணவங்க. படிக்க வராதுன்னுதான் இங்க வந்தாங்க. நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். அவங்கள வெச்சு சராசரி எடுத்தா எப்படி சார்?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முட்டாள் அல்ல. பிரச்சினை புரிந்தது அவர் முகத்தில் தெரிந்தது. அது புரிந்த அடுத்த கணமே, ரிப்பனும் இயக்குநரும் மூன்று முறை கைதட்டலும் அவருக்கு நினைவுக்கு வந்ததும் தெரிந்தது.

"இந்த முப்பது பேரில் எவரிடமாவது குறைபாட்டுச் சான்றிதழ் இருக்கிறதா?"

"இல்ல சார். அதத்தானே நீங்க குடுக்கல."

"சான்றிதழ் இல்லாத குழந்தை விதிப்படி சாதாரணக் குழந்தை. ஆகவே பட்டியல் செல்லும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மனநிறைவு இல்லையென்றால் தாராளமாக மேல்முறையீடு செய்யுங்கள். எதிரில் மாடிப்படிக்குக் கீழே ஒரு டைப்பிஸ்ட் இருக்கிறாராம். நன்றாக எழுதுவாராம்."

அவள், பக்கத்து மேசையில் முடிவுத் தாளைப் பின் அடித்துக்கொண்டிருந்த நாளைக்கு சாரைப் பார்த்தாள். அவர் ஸ்டாப்ளரைத் திறந்து பின் இருக்கிறதா என்று பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்னைப் பாத்து என்னம்மா பண்றது," என்றார் கடைசியில், மெதுவாக, அவள் மொழியில். "நான் முப்பது பேர் கேட்டேன். நீதானே கூட்டிட்டு வந்த."

*

படி இறங்கும்போது, அம்மா கையிலிருந்த தாளைக் காட்டி ரேடியோ கேட்டாள்.

"என்னம்மா போட்டிருக்கு அதுல?"

"உனக்கு ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கு."

"முழுசாப் படி."

டைப்பிஸ்ட் படியிலேயே நின்று படித்தாள். "மேற்படி குழந்தை சோதனை செய்யப்பட்டதில் வாசிப்புத்திறன் சராசரிக்கு மேல் உள்ளதென்றும், கற்றல் குறைபாடு ஏதுமில்லையென்றும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது." மகள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். அவள் கேட்கும்போது அப்படித்தான் சாய்ப்பாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவுக்கு அதை ஒலிபரப்பினாள். தலைவரின் குரலிலேயே, "முதற்கண்" முதல் "முத்திரை குத்திவிடக் கூடாதல்லவா" வரை, ஒரு சொல் விடாமல். இரக்கத்தோடு தலையை ஆட்டும் இடைவெளிகூடச் சரியாக இருந்தது. கண்டக்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? அவ நல்லாத்தான் இருக்கா. செல்லந்தான்."

டைப்பிஸ்ட் அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். மற்ற இருபத்தொன்பது பிள்ளைகளுக்கும் அந்த வாரத்திலேயே சோதனை முடிந்தது. எட்டில் பாதி நான்கு. நான்குக்குக் கீழே யாரும் போகவில்லை. வெள்ளிக்கிழமை லாரி மெக்கானிக் கடைக்கு வந்து, கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, எம்பையன் சராசரியாம். இதுக்கு ஒரு மனு அடிங்க."

"என்னன்னு அடிக்கறது அண்ணா?"

அவர் யோசித்தார். "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே," என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்குள் தங்கிவிட்டது. அவள் மனு அடித்துக் கொடுத்தாள். "பணிவுடன்" மட்டும் போட்டாள். மற்றது எதுவும் விரலுக்கு வரவில்லை.

மார்ச்சில் தேர்வு நடந்தது. ரேடியோ ஐந்து நாள் காலையில் போய், மூன்று மணி நேரம் உட்கார்ந்து, மதியம் திரும்பி வந்தாள். திரும்பி வந்து, பக்கத்து பெஞ்சுப் பெண் வெளியே நின்று வாசித்துக் காட்டிய கேள்வித்தாளுக்கு அம்மாவிடம் வரிசையாகப் பதில் சொன்னாள். டைப்பிஸ்ட் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திருத்தினாள். அறிவியலில் எழுபத்தெட்டு. கணக்கில் தொண்ணூற்று ஒன்று. அந்த மதிப்பெண்களை எங்கே போய்ப் பதிவது என்று எந்த விதியிலும் இல்லை.

மே மாதக் கடைசியில் நாளைக்கு சார் ஆண்டறிக்கையோடு தெருவைக் கடந்து வந்தார். மூன்று மொழியிலும் நகல் வேண்டுமாம், அவசரமாம். அவள் அடித்தாள்: தாய்மொழிச் சோதனைப் பெட்டி அறிமுகப்படுத்தப்பட்டதன் பயனாக, மேற்படி மொழி பேசும் குழந்தைகளிடையே கற்றல் குறைபாடு அறவே இல்லை என்பது அறிவியல்பூர்வமாக நிறுவப்பட்டுள்ளது; இம்முறையை ஏனைய மொழிகளுக்கும் விரிவுபடுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது.

"பிழை இருக்கா பாத்துட்டியாம்மா?" என்று கேட்டார் நாளைக்கு சார்.

"பாத்துட்டேன் சார். ஒரு பிழையும் இல்ல."

ரேடியோ திங்கட்கிழமை அட்டைப்பெட்டி கம்பெனியில் சேர்ந்தாள்.